இது நமக்குத் தோணலையே! இசைக்காரர் காதில் ஒரு வருடத்துப் பாட்டுகள்

2024ஆம் வருடத்தின் நம்பர் ஒன் பாப் பாட்டு எது என்று ஐந்து இடத்தில் விசாரித்தால் ஐந்து பதில் வரும். ஸ்பாட்டிஃபை தன் கணக்குப்படி சப்ரினா கார்ப்பென்டரின் ‘எஸ்ப்ரெஸ்ஸோ’ என்றது. அந்த ஒரு வருடத்தில் உலகம் முழுக்க 160 கோடி முறைக்கு மேல் அது ஓடியிருந்தது. அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகை, டெடி ஸ்விம்ஸ் பாடிய ‘லூஸ் கன்ட்ரோல்’ என்றது. ஒலிப்பதிவு நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐ, முதலிடத்தை பென்சன் பூனின் ‘பியூட்டிஃபுல் திங்ஸ்’ பாட்டுக்குக் கொடுத்தது. பிரிட்டனில் நோவா கானின் ‘ஸ்டிக் சீசன்’. ஆஸ்திரேலியாவில் ட்ரிபிள் ஜே வானொலி நேயர்களிடம் ஓட்டு வாங்கி நடத்தும் ‘ஹாட்டஸ்ட் 100’இல் சாப்பல் ரோனின் ‘குட் லக், பேப்!’. யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு படியை வைத்து அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பில்போர்டின் ‘வருடம்’ ஜனவரியில் பிறப்பதில்லை. ஏறக்குறைய நவம்பரில் தொடங்கி அடுத்த அக்டோபரோடு முடிகிறது. வாராவாரம் ஒரு பாட்டு பட்டியலில் எங்கே நின்றது, எத்தனை வாரம் நின்றது என்பதைக் கூட்டித்தான் வருடக் கடைசிக் கணக்கு. ‘லூஸ் கன்ட்ரோல்’ வெளிவந்ததே 2023 ஜூனில். முதலிடத்தில் அது இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் மேல்வரிசையை விட்டு இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. பிறகு பில்போர்டின் வாராந்திரப் பட்டியலான ஹாட் 100இல் நூறு வாரம் தாண்டிய முதல் பாட்டு என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. பிரிட்டனின் ‘2024 பாட்டு’ இன்னும் பழசு. ‘ஸ்டிக் சீசன்’ 2022லேயே வந்துவிட்டது. ஆக இந்தப் பட்டியல்கள் அளப்பது பழக்கத்தை. எந்தப் பாட்டை ஜனங்கள் அணைக்காமல் விட்டார்கள் என்பதை. அது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த வருடத்தில் பாட்டுக் கட்டும் தொழிலில் புதிதாக என்ன நடந்தது என்பதை அது சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள இசைக்காரர்களிடம் போக வேண்டும். வாசிப்பவர்கள், பாடுபவர்கள், மெட்டமைப்பவர்கள், பதிவான சத்தங்களைக் கலந்து மிக்ஸ் பண்ணுபவர்கள் எல்லாரையும் சேர்த்தே சொல்கிறேன். இவர்கள் டிசம்பரில் ‘இந்த வருடம் எனக்குப் பிடித்தது’ என்று போடும் பட்டியலைப் பார்த்தால் விமர்சகரின் பட்டியல் மாதிரியே தெரியும். உள்ளே ஓடுவது வேறு உணர்ச்சி. விமர்சகர் ஒரு பாட்டைப் பாராட்டுவார். இசைக்காரர் ஒரு பாட்டைப் பார்த்துப் பொறாமைப்படுவார். ‘அட, இது நமக்குத் தோணலையே!’ என்று வயிறு எரிந்த இடங்களின் பட்டியல்தான் அவருடையது. கீபோர்டு வாசிக்கிறவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் அனுபவத்திலும் சொல்கிறேன்.

காரை ஓரங்கட்டிய பாட்டு

இதற்கு மிகப் பிரபலமான உதாரணம் 1963. பீச் பாய்ஸ் குழுவின் மூளையாக இருந்த பிரையன் வில்சனுக்கு அப்போது 21 வயது. கார் ஓட்டிக்கொண்டு போகும்போது ரேடியோவில் ரோனெட்ஸ் குழுவின் ‘பி மை பேபி’ வந்தது. ஓட்ட முடியாமல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கேட்டதாக அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க அந்த ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வருடக் கடைசியில் பில்போர்ட் அச்சிட்ட பட்டியலில் முதலிடம் வில்சனின் குழு பாடிய ‘சர்ஃபின் யு.எஸ்.ஏ.’வுக்குத்தான். பின்னால் அந்தக் கணக்கைத் திருத்தி வேறு பாட்டுக்கு இடத்தைக் கொடுத்தார்கள் என்பது தனிக் கதை. வருடத்தின் முதல் பாட்டே உன்னுடையதுதான் என்று ஊரே சொல்கிறது. இவருக்கு அது போதவில்லை. தன் பாட்டின் மெட்டு சக் பெரி என்ற ராக் அண்ட் ரோல் முன்னோடியிடமிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும். மனசு முழுக்க அடுத்தவர் பாட்டில்.

அப்படி என்ன இருக்கிறது ‘பி மை பேபி’யில்? முதல் நான்கு நொடியைக் கேளுங்கள். வெறும் டிரம்ஸ். ‘டும், டு-டும், டக்’. ராக் அண்ட் ரோலில் நான்கு தட்டுச் சுற்றில், ‘டக்’ என்று ஒலிக்கும் ஸ்நேர் டிரம் இரண்டாவது தட்டிலும் நான்காவது தட்டிலும் விழுவதுதான் சம்பிரதாயம். இங்கே நான்காவதில் மட்டும் விழுகிறது. வாசித்த ஹால் ப்ளெய்ன், இரண்டாவது தட்டைத் தான் தவற விட்டதால் வந்த விளைவு அது என்று பிற்காலத்தில் சொன்னார். தவற விட்டதைத் தவறு என்று காட்டிக்கொள்ளாமல் பாட்டு முழுக்க அப்படியே வாசித்தார். அந்தக் காலியிடம்தான் பாட்டையே அகலமாக்குகிறது. இரண்டாவது தட்டுக்காகக் காத்திருக்கும் காது ஏமாந்து, நான்காவதில் வந்து விழுகிறது. அதன் மேல் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர், கோல்டு ஸ்டார் ஸ்டுடியோவின் எதிரொலி அறையில் பியானோ, கிடார், தாள வாத்தியம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கரைய விட்டு, எது எது என்று பிரிக்க முடியாத ஒரே சத்தமாக்கினார்.

வில்சன் என்ன செய்தார்? பட்டியல் போடவில்லை. பதில் பாட்டு போட்டார். 1964இல் வந்த ‘டோன்ட் வொரி பேபி’. ரோனெட்ஸ் பாடட்டும் என்று நினைத்து எழுதியது; ஸ்பெக்டர் வேண்டாம் என்றுவிட்டதால் பீச் பாய்ஸே பாடினார்கள். அதன் தொடக்க டிரம்ஸைக் கேட்டால் பொறாமை எங்கிருந்து வந்தது என்று கேட்காமலேயே தெரியும்.

பெர்லினுக்கு வந்த ரெகார்டு

அடுத்தது 1977. அமெரிக்காவின் வருடக் கணக்கில் முதலிடம் ராட் ஸ்டூவர்ட்டின் ‘டுநைட்ஸ் த நைட்’. பிரிட்டனில் அந்த நவம்பரில் வந்த விங்ஸ் குழுவின் ‘மல் ஆஃப் கின்டைர்’, அந்த நாட்டில் இருபது லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் சிங்கிள் ஆனது. இரண்டும் நல்ல பாட்டுகள்தான். ஆனால் அந்தக் கோடையில் பெர்லினில் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியோடு வேலை செய்துகொண்டிருந்த இசைக்காரர் பிரையன் ஈனோ ஓட்டமாக ஓடிவந்து, எதிர்காலத்தின் சத்தத்தைக் கேட்டுவிட்டேன் என்று சொல்லி ஒரு ரெகார்டைப் போட்டுக் காட்டினாராம். இது போவி சொன்ன கதை. அடுத்த பதினைந்து வருடத்துக்கு நடன விடுதி இசை இதன் பின்னால்தான் போகும் என்றும் ஈனோ சொன்னாராம். அந்த ரெகார்டு, டோனா சம்மர் பாடிய ‘ஐ ஃபீல் லவ்’.

மியூனிக்கில் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலட்டும் தயாரித்தது. ஆல்பத்தின் திட்டம் எளிமையானது: ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு காலகட்டத்தின் பாணியில் இருக்க வேண்டும், கடைசிப் பாட்டு எதிர்காலத்தைக் காட்ட வேண்டும். கடைசிப் பாட்டுக்காக மின்சாரத்தால் சத்தம் உண்டாக்கும் ஒரு பெரிய மோக் சிந்தசைசரைக் கொண்டுவந்தார்கள். பேஸ் எனும் அடி ஸ்தாயிச் சத்தம், மேலே மினுங்கும் சத்தங்கள், சிம்பல் மாதிரிக் கேட்பது எல்லாமே அதில் செய்தவை. கிக் டிரம்முக்கு மட்டும் அந்த இயந்திரத்தின் சத்தம் போதவில்லை. கீத் ஃபோர்சி என்ற டிரம்மர் உட்கார்ந்து காலால் உதைத்தார். எதிர்காலத்தின் சத்தம் என்று பேர் வாங்கிய பாட்டின் அடியில் ஒரு மனுஷன் கால் வலிக்க உதைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.

உண்மையான கெட்டிக்காரத்தனம் மிக்ஸில். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் புரியும். பேஸின் ஒவ்வொரு ஸ்வரமும் இடது காதில் ஒலிக்கிறது. அதே ஸ்வரம் கொஞ்சம் தாமதித்து, இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் விழும்படி வலது காதில் ஒலிக்கிறது. இயந்திரம் வாசித்தது ஒரு மடங்கு. நமக்குக் கேட்பது இரு மடங்கு வேகம். சத்தம் தலைக்குள் இங்கும் அங்கும் துள்ளுகிறது. சத்தத்தைத் தாமதித்துத் திருப்பிக் கொடுக்கும் ஒரு டிலேயை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்யலாமா என்றுதான் ஒரு இசைக்காரருக்குத் தோன்றும். டிஸ்கோவைக் கேலி பேசிய காலத்திலும் ஈனோவுக்குத் தோன்றியது அதுதான். இன்றைக்கு எந்த ஊர் கிளப்பில் எந்தப் பாட்டு ஓடினாலும் அந்தத் துடிப்பின் வாரிசுகள் உள்ளே இருக்கிறார்கள்.

எண்ணிக்கையும் பொறாமையும் ஒரே பாட்டில் சந்தித்ததும் உண்டு. 1984இல் பில்போர்டின் வருட முதலிடம் பிரின்ஸின் ‘வென் டவ்ஸ் க்ரை’. எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துப் பதிவு பண்ணிய பிறகு, பேஸ் டிராக்கை முழுசாக எடுத்துவிட்டார் பிரின்ஸ். நடனப் பாட்டில் பேஸ் இல்லை! அதுவே வருடத்தின் பெரிய ஹிட். ஆனால் இப்படி அமைவது அபூர்வம்.

சரி, 2024

இனி என் பட்டியல். வரிசை எண் கிடையாது. பத்து என்ற கணக்கும் கிடையாது. எங்கே வயிறு எரிந்ததோ அது மட்டும்.

முதலில் ‘குட் லக், பேப்!’. 2024 ஏப்ரல் 5 அன்று வந்தது. சாப்பல் ரோன், டான் நைக்ரோ, ஜஸ்டின் ட்ரான்டர் மூவரும் எழுதியது, தயாரிப்பு நைக்ரோ. ஒரு பெண், தன்னைக் காதலித்துக்கொண்டே அதைக் காதல் என்று ஒத்துக்கொள்ளாத இன்னொரு பெண்ணிடம் பாடுகிறாள். நீ எத்தனை ஆண்களோடு பழகினாலும் இந்த உணர்வை நிறுத்த முடியாது, நிறுத்த வேண்டுமானால் உலகத்தையே நிறுத்த வேண்டியிருக்கும், நல்லா இரு தாயே என்கிறாள். வாழ்த்து மாதிரித் தெரியும் சாபம்.

மெட்டு கட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். சரணம் முழுக்கக் கீழ் ஸ்தாயியில், கிட்டத்தட்டப் பேச்சு மாதிரி. பரவாயில்லை, ஒன்றுமில்லை என்று மழுப்புகிற குரல். பல்லவி வந்ததும் குரல் சட்டென்று மேலே தாவுகிறது. அங்கே நெஞ்சுக் குரலை விட்டுவிட்டு மெல்லிய தலைக்குரலுக்குப் போகிறார். உடைந்துவிடுமோ என்று பயப்படும்படி இருக்கும், உடையாது. அடியில் சிந்தசைசரும் வயலின்களும் 1980களின் பளபளப்போடு விரிகின்றன. இதுவரைக்கும் ஒரு கெட்டிக்கார பாப் பாட்டு, அவ்வளவுதான்.

அப்புறம் பிரிட்ஜ் வருகிறது, பல்லவிக்கும் சரணத்துக்கும் சேராமல் நடுவில் ஒரே தடவை வரும் தனிப் பகுதி. இன்றைய பாப்பில் பிரிட்ஜ் என்ற பகுதியே அரிதாகிக்கொண்டு வருகிறது. காரணம் வியாபாரம்: ஸ்பாட்டிஃபையில் முப்பது நொடி ஓடினால்தான் ஒரு கேட்பு என்று கணக்கு. அந்த முப்பது நொடிக்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளியான ஓர் ஆய்வு, 1980களின் நடுவில் இருபது நொடிக்கு மேல் இருந்த ஹிட் பாட்டுகளின் முன்னிசை ஐந்து நொடிக்குச் சுருங்கிவிட்டது என்று காட்டியது. முன்னால் இப்படி வெட்டினார்கள், நடுவிலும் வெட்டினார்கள். பாட்டுகள் மூன்று நிமிடத்துக்குள் அடங்கின. இந்தச் சூழலில் மூன்றரை நிமிடத்தைத் தாண்டிப் போகிற பாட்டு இது. பிரிட்ஜில் பல வருடம் தள்ளி நடக்கும் ஒரு காட்சியைப் பாடுகிறார்: நடுராத்திரியில் புருஷன் பக்கத்தில் கண் விழிக்கிறாள் அந்தப் பெண், தலையைக் கையில் பிடித்துக்கொண்டு. வரி வரியாகக் குரல் ஏறுகிறது. தலைக்குரல் போய்விட்டது, இப்போது முழு நெஞ்சு. இதுவரை நாசூக்காக இருந்த ஆள் கத்துகிறாள்.

என் பொறாமை அதற்கும் பிறகுதான் தொடங்குகிறது. உலகத்தையே நிறுத்த வேண்டியிருக்கும் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே பாட்டு முடிகிறது. அந்த இடத்தில் பாட்டின் வேகம் குறைந்துகொண்டே போகிறது. டேப் ரெக்கார்டரில் பேட்டரி தீரும்போது கேட்போமே, அப்படி. குரல் கனத்துத் தொங்குகிறது, தாளம் இழுபடுகிறது, நின்றுவிடுகிறது. வரி சொல்வதைப் பாட்டு செய்துகாட்டிவிட்டது. எத்தனையோ பாட்டில் ‘நிறுத்து’ என்ற வார்த்தை வந்திருக்கும். இப்படி நிறுத்தலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். செய்வதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு நிமிட வேலை. தோன்றுவதற்குத்தான் ஆள் வேண்டும். மேடையில் காதுக்குள் தாளம் தட்டும் கிளிக் டிராக் வைத்து வாசிக்கும் எந்தக் குழுவிடமும் கேளுங்கள்: நான்கு பேர் ஒன்றாக, ஒரே அளவில் வேகத்தைக் குறைப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்வார்கள்.

‘எஸ்ப்ரெஸ்ஸோ’வுக்கு என் பட்டியலில் இடம் உண்டு, வேறு காரணத்துக்கு. ஏப்ரல் 11 அன்று வந்தது. தயாரித்தவர் ஜூலியன் புனெட்டா. வந்த கொஞ்ச நாளில் கேட்பவர்கள் கண்டுபிடித்த விஷயம், அதன் பின்னணியில் முக்கியமான சில சத்தங்கள் ஸ்ப்ளைஸில் கிடைக்கும் ரெடிமேட் லூப்கள், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் சத்தத் துண்டுகள் என்பது. மாதச் சந்தா கட்டினால் டிரம்ஸ், கிடார், குரல் என்று துண்டு துண்டாகச் சத்தங்களை இறக்கிக்கொண்டு, உரிமைத் தொகை தராமல் பயன்படுத்தலாம், அதுதான் ஸ்ப்ளைஸ். ஆலிவர் என்ற பெயரில் வந்த ஒரு தொகுப்பிலிருந்து எடுத்த லூப்கள் இவை. அப்போதே ‘இதெல்லாம் ஒரு இசையமைப்பா, கடையில் வாங்கி ஒட்டியதுதானே’ என்ற பேச்சு கிளம்பியது.

அந்தப் பேச்சில் எனக்குச் சம்மதமில்லை. ரிஹானாவின் ‘அம்ப்ரெல்லா’ 2007இல் உலகத்தையே ஆட்டி வைத்தது; அதன் டிரம்ஸ், ஆப்பிள் கம்ப்யூட்டரோடு இலவசமாக வரும் கராஜ்பேண்ட் என்ற இசை மென்பொருளில் இருக்கும் ஒரு லூப். அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிய லட்சக்கணக்கான பேரிடமும் அதே சத்தம் இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அதற்குள் ஒரு பாட்டு இருக்கிறது என்று கண்டவர்கள் எத்தனை பேர்? ‘எஸ்ப்ரெஸ்ஸோ’விலும் அதே கதைதான். லூப் எல்லாருக்கும் பொது. நிமிடத்துக்கு 104 தட்டு வேகத்தில் சோம்பேறித்தனமாக ஆடும் அந்த பேஸ் மேல், கார்ப்பென்டர் வார்த்தைகளைத் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே, நாக்கில் உருட்டிப் போடுகிறாரே, அது கடையில் கிடைக்காது. இலக்கண வாத்தியார் சிவப்பு மை போடும்படி ஒரு ஹூக் வரி, காதில் மாட்டிக்கொண்டு போகாத வரி; அதைச் சரிசெய்திருந்தால் பாட்டே செத்திருக்கும். அந்த வரியின் அசைகள் தாளத்தில் உட்காரும் விதம் அப்படி. ஏமி ஆலன், ஸ்டெஃப் ஜோன்ஸ் இருவரும் எழுத்தில் பங்காளிகள். இந்த ஏமி ஆலன் என்ற பெயரைக் கவனித்து வையுங்கள். கார்ப்பென்டரின் அந்த வருட ஆல்பத்தில் எல்லாப் பாட்டிலும் இவர் கை இருக்கிறது. 2025 பிப்ரவரியில் ‘எஸ்ப்ரெஸ்ஸோ’ சிறந்த தனிக்குரல் பாப் பாடுதலுக்கான கிராமி வாங்கிய அதே விழாவில், வருடத்தின் சிறந்த பாடலாசிரியருக்கான விருது இவருக்குப் போனது. மேடையில் ஆடுபவரை உலகம் பார்க்கும். இசைக்காரர்கள் கிரெடிட்ஸைப் படிப்பார்கள்.

மூன்றாவது, பில்லி ஐலிஷின் ‘பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்’. இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நான்கே கார்டு (chord), அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம். டி, பி மைனர், ஈ மைனர், ஏ. கீபோர்டு கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம். அமெரிக்கப் பாட்டில் தொண்ணூறு வருடமாகப் புழங்கித் தேய்ந்த வரிசை. பாட்டு முழுக்க அதே நான்குதான் சுற்றிச் சுற்றி வருகிறது. பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று என்று மாறுவதில்லை. கார்டு மாறாதபோது கேட்பவனை மூன்றரை நிமிடம் எப்படி உட்கார வைப்பது? அவரும் அண்ணன் ஃபினியஸும் அதைக் குரலை வைத்தே செய்திருக்கிறார்கள். முதலில் காதோரம் கிசுகிசுக்கும் குரல், அவருடைய அடையாளமே அதுதான். ஒவ்வொரு சுற்றிலும் அதே குரல் இன்னொரு அடுக்காகச் சேர்கிறது. ஹார்மனிகள் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கின்றன. பிறகு, இத்தனை வருடம் கிசுகிசுப்புக்கே பேர் போனவர், வாயைத் திறந்து உச்ச ஸ்தாயியில் முழுக் குரலில் பாடுகிறார். கார்டு மாறவில்லை, தாளம் மாறவில்லை, வேகம் மாறவில்லை. ஆள் மாறிவிட்ட மாதிரி இருக்கிறது. மரணம் வரைக்கும் கூட இரு என்று கேட்கும் பாட்டு அது என்பதால், நான்கு கார்டை விட்டு நகராமல் இருப்பதே பொருத்தமாகவும் அமைந்துவிட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பியான்சேயின் ‘டெக்சஸ் ஹோல்டெம்’ தொடக்கத்தில் வரும் பேஞ்சோவுக்காக. வாசித்தவர் ரியானன் கிடன்ஸ். அந்த வாத்தியம் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கையில் பிறந்தது என்பதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவருகிற இசைக்காரர். வெள்ளைக்காரர்களின் சொத்து என்று பலரும் நினைக்கும் கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக்குள் பியான்சே நுழையும்போது, முதல் சத்தமாக அந்தப் பேஞ்சோவை அந்தக் கையால் வாசிக்க வைத்தது ஒரு வாதம். ஒரு வார்த்தை பேசாமல் வைத்த வாதம். பில்போர்டின் கன்ட்ரி பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் ஆனார் பியான்சே.

ரோசேயும் புரூனோ மார்ஸும் பாடிய ‘ஆபட்டு’ (APT.) அக்டோபரில் வந்தது. கொரியாவில் மது அருந்தும்போது விளையாடும் ஒரு விளையாட்டின் கோஷத்தை அப்படியே தூக்கி ஹூக் ஆக்கியிருக்கிறார்கள். எந்த ஊர்க்காரரும் இரண்டாவது தடவையிலேயே கூடச் சேர்ந்து கத்தலாம், அர்த்தம் தேவையில்லை. இதன் எழுத்திலும் ஏமி ஆலன் இருக்கிறார், சொன்னேன் அல்லவா. 1980களின் ‘மிக்கி’ பாட்டின் சாயலை எடுத்துக்கொண்டு, அதை எழுதியவர்களுக்கு முறையாகப் பெயரும் கொடுத்திருக்கிறார்கள்.

சார்லி எக்ஸ்சிஎக்ஸின் ‘பிராட்’ ஆல்பத்தில் ‘கேர்ள், ஸோ கன்ஃப்யூசிங்’ என்று ஒரு பாட்டு. இன்னொரு பாடகியோடு தனக்குள்ள பிசகான நட்பைப் பற்றியது. நாம் தோழிகளா, போட்டியாளர்களா என்று புரியவில்லை என்கிறார். ஆல்பம் வந்தது ஜூன் 7. யாரைப் பற்றி என்று ரசிகர்கள் ஊகித்துக்கொண்டிருந்தபோதே, ஜூன் 21இல் அந்த இன்னொரு பாடகியான லார்ட் வந்து அதே பாட்டின் ரீமிக்ஸில் தன் தரப்பைப் பாடினார். பொதுவாக ரீமிக்ஸ் என்றால் டிரம்ஸைக் கூட்டி இன்னொரு தடவை விற்பது. இங்கே அது பதில் கடிதம் ஆகிவிட்டது. ஒரு பாட்டு வெளிவந்த பிறகும் அதன் கதை முடியாமல் இருக்கலாம் என்று காட்டியதற்காக இது என் பட்டியலில் இருக்கிறது. சத்தத்துக்காக என்றால் அதே ஆல்பத்தில் வேறு பாட்டைச் சொல்வேன்.

விட்டுப்போனவை? ‘லூஸ் கன்ட்ரோல்’ அபாரமாகப் பாடப்பட்ட பாட்டு. டெடி ஸ்விம்ஸின் தொண்டைக்குத் தலை வணங்கலாம். ஆனால் கட்டுமானத்தில் பழைய சோல் பாட்டுகளின் வழியிலேயே ஒழுங்காகப் போகிறது. தோணலையே என்று தோன்றும் இடம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ‘பியூட்டிஃபுல் திங்ஸ்’ மெதுவாகத் தொடங்கித் திடீரென்று வெடிக்கும். முதல் தடவை நன்றாக இருந்தது. ஐந்தாவது தடவை வெடி எங்கே வரும் என்று தெரிந்துவிட்டது. ஷபூசியின் ‘எ பார் சாங்’ அமெரிக்காவில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஜே-க்வான் 2004இல் பாடிய ஹிப்-ஹாப் ஹிட்டைக் கன்ட்ரி பாட்டுக்குள் மடித்து வைத்த யோசனை நல்லதுதான், ஆனால் அது ஒரு யோசனையோடு நின்றுவிடுகிறது. ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் ‘நாட் லைக் அஸ்’ இல்லாமல் ஒரு 2024 பட்டியலா என்று கேட்பவர்களுக்கு: மங்க் ஹிகின்ஸின் 1960களின் ரெகார்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து தயாரிப்பாளர் மஸ்டர்ட் செய்த பீட் மேல் எனக்கு மரியாதை உண்டு. கிராமியில் வருடத்தின் சிறந்த ஒலிப்பதிவு, சிறந்த பாட்டு இரண்டையும் அது வாங்கியது. ஆனால் அதைப் பாப் என்ற அறைக்குள் அடைக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்குத் தனிப் பட்டியல் வேண்டும்.

ஒரு பாட்டு மட்டும் என்னை வருடம் விட்டு வருடம் குழப்பியது. லேடி காகாவும் புரூனோ மார்ஸும் பாடிய ‘டை வித் எ ஸ்மைல்’. 2024 ஆகஸ்டில் வந்தது. ஹாட் 100இல் முதலிடத்தைத் தொட்டது 2025 ஜனவரியில். பில்போர்டும் ஸ்பாட்டிஃபையும் அதை 2025இன் பாட்டு என்று முடிசூட்டின. எண்ணிக்கைக்காரர்களுக்குச் சிக்கல் இல்லை. எப்போது ஓடியதோ அந்த வருடத்தில் எழுதிக்கொள்வார்கள். நான் கேட்டு வயிறெரிந்தது 2024 ஆகஸ்டிலேயே. 1970களின் கிடார் பாட்டு மாதிரி ஆரம்பித்து, இரண்டு பெரிய குரல்கள் ஒன்றையொன்று மிதிக்காமல் மூன்றாவது குரல் ஒன்று கேட்பது மாதிரிச் சேரும் அந்தப் பல்லவிக்காக. அதனால் என் நோட்டில் அது 2024இல்தான் இருக்கும். பில்போர்ட் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.